பெயர்ப் பட்டியலிலிருந்து வீட்டுச் சாவி வரை

வீடற்றோரே இல்லாத நகரம் என்ற இலக்கோடு மாநகராட்சியும் காப்பகங்களும் மருத்துவமனைகளும் வீட்டு உரிமையாளர்களும் கைகோத்த முயற்சியில் நான் தன்னார்வலராகச் சேர்ந்தேன். முதல் வேலை, பொதுவான பெயர்ப் பட்டியல் தயாரிப்பது. அதுவரை ஒவ்வொரு அமைப்பும் தனித்தனிப் பதிவேடு வைத்திருந்ததால், ஒரே மனிதர் மூன்று இடங்களில் மூன்று பேராகப் பதிவாகியிருந்தார். பாலத்தடியில் பல ஆண்டுகளாகப் படுத்திருந்தவரோ எதிலுமே இல்லை. இரவில் நேரில் சென்று, ஒப்புதல் பெற்ற பிறகே பெயர், வயது, உடல்நிலை, தெருவில் கழித்த காலம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டோம்.

வாராந்தரக் கூட்டத்தில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பொறுப்பாளரை நியமித்தோம். குடியை நிறுத்திய பிறகுதான் வீடு தரவேண்டும் என்று சிலர் உறுதியாக வாதிட்டார்கள். ஆனால் 1992இல் நியூயார்க்கில் உளவியலாளர் சாம் செம்பெரிஸ் தொடங்கிய 'முதலில் வீடு' முறை, நிபந்தனையின்றி வீட்டைக் கொடுத்துவிட்டு, சிகிச்சையைப் பிறகு அவரவர் விருப்பத்தோடு தொடர்வது. கனடாவில் 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில் சுமார் 2,000 பேரிடம் நடந்த ஆய்விலும், இம்முறையில் வீடு பெற்றவர்களே கூடுதலாக நிலைத்துத் தங்கினார்கள். தூங்க இடமில்லாதவரிடம் மருந்தை வேளை தவறாமல் சாப்பிடச் சொல்வது நியாயமல்ல என்பதே என் உறுதியான கருத்து.

மிகவும் அலைக்கழித்தது ஆவணச் சிக்கல்தான். நான் பொறுப்பேற்ற மூதாட்டி, பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சுற்றி வைத்திருந்த அடையாள அட்டையில் மழைநீர் இறங்கி, முகமே அழிந்துபோயிருந்தது. புதிய அட்டைக்கு முகவரிச் சான்று வேண்டும். வாடகை ஒப்பந்தத்துக்கோ அட்டை வேண்டும். "வீடு இருந்தா நான் ஏம்ப்பா இங்க வந்து நிக்கிறேன்?" என்று அவர் கேட்டதற்கு அந்த அலுவலகத்தில் யாரிடமும் பதில் இல்லை. கடைசியில், காப்பகத்தின் கடிதத்தையே தற்காலிக முகவரிச் சான்றாக ஏற்க உயரதிகாரி ஒருவர் இசைந்தபோதுதான், அந்த மூதாட்டிக்கு மட்டுமல்லாமல், பட்டியலில் தேங்கிக்கிடந்த பலருக்கும் வழி திறந்தது.

சாவி கிடைத்த பின்னும் எங்கள் வேலை முடியவில்லை. அந்த அம்மா முதல் சில வாரங்கள் கட்டிலை விட்டுவிட்டு, விளக்கை அணைக்காமல், கதவருகே தரையில்தான் படுத்தார். ஆகவே அடிக்கடி போய்ப் பார்த்துக்கொண்டோம். வாடகை பாக்கி, அக்கம்பக்கத்தாருடன் மனத்தாங்கல் ஆகியவற்றை ஆரம்பத்திலேயே பேசித் தீர்க்காவிட்டால், வீடு பெற்றவர் மீண்டும் தெருவுக்கே வந்துவிடக்கூடும். புதிதாக வீடிழப்பவர்களையும் தடுத்தாக வேண்டும். அதனால், போக்கிடமில்லாத நோயாளிகளை வெளியே அனுப்புவதற்கு முன்பே எங்களுக்குத் தெரிவிக்கும்படி மருத்துவமனைகளிடம் இப்போது கேட்டு வருகிறோம்.