விம்முக்குள் ஷெல்செக்: எடிட்டரிலேயே பிழைகளைப் பார்ப்பது

டெர்மினல் கட்டளைகளை வரிசையாக எழுதி வைக்கும் ஷெல் ஸ்கிரிப்ட்டில் உள்ள தப்பு எழுதிய அன்றே தெரிவதில்லை. கோப்பின் பெயரை ஒரு மாறியில் வைத்து, மேற்கோள் குறி போடாமல், கோப்பை அழிக்கும் ஆர்எம் கட்டளைக்குக் கொடுத்தாலும் நன்றாகத்தான் ஓடும். ‘பழைய பட்டியல்’ என்று இடைவெளியோடு ஒரு பெயர் வரும்போது ‘பழைய’, ‘பட்டியல்’ என இரண்டு கோப்புகளை அழிக்கப் பார்க்கும். ஷெல்செக் என்ற சோதனைக் கருவி இந்த மாதிரி இடங்களை ஸ்கிரிப்ட்டை ஓட்டாமலேயே பிடித்து, எஸ்சி2086 என்பதுபோல ஓர் எண்ணும் கொடுத்துவிடும். டெர்மினலில் அதைத் தனியாக ஓட்டிவிட்டு, வரி எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு எடிட்டருக்குத் திரும்புவது அலுத்துப்போனது. கோப்பைச் சேமித்ததும் நான் எழுதும் விம் எடிட்டருக்குள்ளேயே பிழைப் பட்டியல் வர வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

இதற்கென்றே ஏஎல்இ போன்ற செருகுநிரல்கள் இருக்கின்றன. நான் அவற்றைத் தொடவில்லை. வெளி நிரலை ஓட்டி அதன் பிழைகளைப் பட்டியலிடும் வசதி விம்மிலேயே இருக்கிறது. எந்த நிரலை ஓட்டுவது என்பதை மேக்பிஆர்ஜி என்ற அமைப்பில் சொல்ல வேண்டும். வரும் வெளியீட்டை எப்படிப் படிப்பது என்பதை எரர்ஃபார்மேட்டில் சொல்ல வேண்டும். இந்த இரண்டும் புரிந்துவிட்டால் எந்தச் சோதனைக் கருவியையும் இணைத்துவிடலாம்.

முதலில் மேக்பிஆர்ஜியில் ஷெல்செக் என்றும், பக்கத்தில் சதவீதக் குறியும் கொடுத்தேன். அந்தக் குறி திறந்திருக்கும் கோப்பைக் குறிக்கும். செட் கட்டளையில் எழுதுவதால் நடுவில் வரும் இடைவெளிக்கு முன்னால் பின்சாய்வுக் கோடு வேண்டும். அந்த நிரலை ஓட்டும் மேக் கட்டளையை விம்மில் கொடுத்துப் பார்த்தேன். குயிக்ஃபிக்ஸ் என்ற விம்மின் பிழைப் பட்டியல் வந்தது, ஆனால் ஒவ்வொரு வரியும் இரண்டு செங்குத்துக் கோடுகளோடு தொடங்கியது. என்டர் அழுத்தினால் எங்கும் போகவில்லை. அந்தக் கோடுகளுக்கு நடுவில்தான் கோப்பின் பெயரும் வரி எண்ணும் இருக்க வேண்டும். நடுவில் ஒன்றும் இல்லையென்றால், விம்முக்கு அந்த வெளியீட்டைப் படிக்கத் தெரியவில்லை என்று அர்த்தம். ஷெல்செக் தானாகத் தரும் வடிவம் மனிதர்கள் படிப்பதற்கானது. வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும் எஃப் தெரிவோடு ஜிசிசி (சி மொழிக் கம்பைலரின் பாணி) என்று சேர்த்ததும் கோப்பு, வரி, எத்தனையாவது எழுத்து, செய்தி என்று எல்லாம் ஒரே வரியில் முக்காற்புள்ளி பிரித்து வந்தன. இதை விம்மின் இயல்பான எரர்ஃபார்மேட்டே படித்துவிடும். கடைசியில் சதுர அடைப்புக்குள் வரும் எஸ்சி எண்ணையும் தனியாக எடுக்க ஒரு வடிவம் எழுதிக்கொண்டேன். விளக்கம் தேட அந்த எண்தான் கைகொடுக்கிறது.

அப்புறம் வந்தது பாத் சிக்கல். கட்டளைகளை எந்தக் கோப்புறைகளில் தேடுவது என்ற பட்டியல்தான் பாத். டெர்மினலிலிருந்து திறந்தால் எல்லாம் சரி. மெனுவிலிருந்து ஜிவிம்மை (தனிச் சாளரத்தில் திறக்கும் விம்) திறந்தால் ‘கட்டளை கிடைக்கவில்லை’ என்ற வரி மட்டும். ஒரு நிரல் எங்கே இருக்கிறது என்று சொல்லும் விம்மின் எக்ஸிபாத் செயல்பாட்டில் ஷெல்செக் என்று கொடுத்துக் கேட்டேன், வெற்றுச் சரம் வந்தது. என் ஷெல்செக் இருப்பது ஹோம் கோப்புறைக்குள் உள்ள பின் கோப்புறையில். அந்தக் கோப்புறையை பாத்தில் சேர்க்கும் வரி, டெர்மினலில் ஷெல் தொடங்கும்போது படிக்கும் பேஷ்ஆர்சி கோப்பில் இருந்தது. மெனுவிலிருந்து திறக்கும் நிரல் அந்தக் கோப்பைப் பார்ப்பதே இல்லை. வரியை, கணினியில் உள்நுழையும்போது படிக்கப்படும் ப்ரொஃபைல் கோப்புக்கு மாற்றி, வெளியேறி மறுபடி உள்ளே வந்ததும் சரியாகிவிட்டது. ‘டெர்மினலில் ஓடுகிறது, எடிட்டரில் ஓடவில்லை’ என்றால் வேறு எதையும் மாற்றுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

சேமித்ததும் ஓடுவதற்கு, ஒரு நிகழ்வு நடந்ததும் தானாக ஓடும் விம்மின் ஆட்டோகமாண்ட் போதும். மேக்குக்குப் பின்னால் ஆச்சரியக்குறி போட்டால் கர்சர் முதல் பிழைக்குத் தாவாது. எழுதிக்கொண்டிருக்கும்போது அது தாவினால் எரிச்சலாக இருக்கும். பட்டியலைத் திறக்க சிஓப்பன் கட்டளையைவிட சிவிண்டோ கட்டளை நல்லது. பிழை இருந்தால் மட்டும் திறக்கும், எல்லாம் திருத்தியானதும் தானே மூடிக்கொள்ளும்.

பழைய ஸ்கிரிப்ட்டைத் திறந்தால் பட்டியல் நீளமாகத்தான் வரும். ஷெல்செக் காட்ட வேண்டிய குறைந்தபட்சத் தீவிர அளவை வார்னிங்குக்கு உயர்த்திச் சுருக்கலாம் என்று தோன்றும். வேண்டாம். மேலே சொன்ன எஸ்சி2086-இன் நிலை, வார்னிங்குக்குக் கீழே உள்ள வெறும் இன்ஃபோதான். அளவை அப்படி உயர்த்தினால் அதுவும் மறைந்துவிடும். வேண்டுமென்றே விட்ட இடம் என்றால், அந்த வரிக்கு மேலே, இதைக் காட்டாதே என்று ஷெல்செக்குக்குச் சொல்லும் டிஸேபிள் குறிப்பை எண்ணோடு எழுதலாம். ஏன் விட்டோம் என்பதையும் கூடவே எழுதி வைப்பேன். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்தக் குறிப்பு கோப்பின் தொடக்கத்தில், முதல் கட்டளைக்கு முன்னால் இருந்தால் முழுக் கோப்புக்கும் பொருந்திவிடும்.

அடுத்து பைத்தான் கோப்புகளுக்கு ஃபிளேக்8 என்ற சோதனைக் கருவியைச் சேர்க்கப் போகிறேன். அதன் வெளியீடும் கோப்பு, வரி, எழுத்து, செய்தி என்றே வருவதால் மேக்பிஆர்ஜியை மட்டும் மாற்றினால் போதும்.