அடுத்தவர் லைசன்ஸில்

அமெரிக்காவில் கிளினிக்கல் சைக்காலஜியில் பிஎச்.டி. சேருகிறவர்கள், பெரும்பாலும் இரண்டாம் வருடத்துக்குள்ளேயே நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். அப்போது கையில் பட்டமும் இருக்காது, லைசன்ஸும் இருக்காது. அவர்கள் எழுதும் ஒவ்வொரு குறிப்பின் அடியிலும் சூப்பர்வைசர் கையெழுத்து வேண்டும். ஏடாகூடமாக ஏதாவது நடந்தால் அவரும்தான் பதில் சொல்ல வேண்டும். நானும் இப்படி இன்னொருவர் லைசன்ஸில் தொழில் பழகியவன்தான். இப்போது முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனை ஒன்றில் என் லைசன்ஸில் மாணவர்கள் வேலை பார்க்கிறார்கள். தூக்கம் கெடுவது மாணவர்களுக்கு மட்டும்தான் என்று அந்தக் காலத்தில் நினைத்திருந்தேன்.

இந்தப் படிப்பு இன்றைய உருவத்துக்கு வந்ததே அந்த ராணுவத்தினரால்தான். இரண்டாம் உலகப் போர் முடிந்து மனம் நொந்து திரும்பியவர்களைப் பார்க்க ஆள் போதவில்லை. 1946இல் அரசே பணம் கொடுத்துப் பயிற்சியைத் தொடங்கியது. 1949இல் கொலராடோவின் போல்டர் நகரில் கூடியவர்கள், ஆராய்ச்சியும் சிகிச்சையும் ஒரே ஆளுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். 1973இல் அதே கொலராடோவின் வெய்ல் நகரில் நடந்த மாநாடு, சிகிச்சைக்கு முதலிடம் தரும் சை.டி. பட்டத்தையும் ஏற்றுக்கொண்டது. நான் போல்டர் கட்சி. ஆனாலும் ஒரு குறை உண்டு: உதவித்தொகை பேராசிரியரின் ஆய்வுக்கூடத்திலிருந்து வருவதால், மாணவர்களின் நல்ல நேரமெல்லாம் அங்கேயே போய்விடுகிறது.

தொழில் படிவது சூப்பர்வைசரோடு உட்காரும் அந்த வாராந்திர ஒரு மணி நேரத்தில்தான். சில சமயம் அதற்கு வெளியிலும். ஒருநாள் மாணவி ஒருத்தி பாதி நேர்காணலில் எழுந்து வந்து என் கதவைத் தட்டினாள். கையில் பிஎச்க்யூ-9 படிவம். மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விகளில் கடைசியானது, செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறதா என்பது. அதில் ‘பல நாட்கள்’ என்று குறித்திருந்தார் அந்த மனிதர்.

“வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா?” என்றேன். இந்த ஊரில் அதைக் கேட்காமல் இருக்க முடியாது.

“இன்னும் கேட்கவில்லை.”

“நான் வந்து உட்காரட்டுமா, நீங்களே கேட்கிறீர்களா?”

கொஞ்சம் யோசித்துவிட்டு, “நானே கேட்கிறேன்” என்றாள். சரி என்று அனுப்பினேன். கூடப் போயிருந்தால் எனக்கு நிம்மதி. அவளுக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. அப்புறம் வந்தபோது, எந்த நேரத்தில் அந்த நினைப்பு வரும், அப்போது யாரைக் கூப்பிடுவது என்று இருவரும் சேர்ந்து எழுதிய தாள் இருந்தது. துப்பாக்கி அண்ணன் வீட்டுக்குப் போகும் என்பதும் அதில் இருந்தது. அன்றே அண்ணனிடம் போனில் பேசி உறுதி செய்தோம். குறிப்பில் நோயாளி சொன்ன வார்த்தைகளை அப்படியே போடச் சொல்லிக் கையெழுத்திட்டேன்.

இவ்வளவு பழகிய பிறகு ஒரு வருட இன்டர்ன்ஷிப். எந்த ஊர் என்பதை ‘மேட்ச்’ என்ற கம்ப்யூட்டர் முறை பிப்ரவரியில் சொல்லும்; வந்த இடத்தை மறுக்க முடியாது. முப்பது வயதை நெருங்கும்போது குடும்பத்தைப் பெயர்த்துக்கொண்டு போகிறார்கள். அங்கே வேறொரு சூப்பர்வைசர், வேறொரு லைசன்ஸ். 225 கேள்விகள் கொண்ட உரிமத் தேர்வு இன்னும் பாக்கி.