தேதி எழுதாத பக்கம்

என் வேதாகமத்தின் முதல் வெற்றுப் பக்கத்தில் 'இரட்சிக்கப்பட்ட நாள்', அதாவது ஆண்டவரிடம் வந்து பாவ மன்னிப்புப் பெற்ற நாள், என்று எழுதி அதற்கு நேரே மூன்று தேதிகள் இருக்கின்றன. முதல் தேதி பென்சிலில், ஏழாம் வகுப்பு முடிந்த லீவில், வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளியின் கடைசி நாளன்று எழுதியது. அதை அடித்துவிட்டு, கல்லூரியில் படிக்கும்போது ஒரு கன்வென்ஷன், அதாவது பெரிய நற்செய்திக் கூட்டம், முடிந்த ராத்திரி நீல மையில் எழுதியது இரண்டாவது. அதையும் அடித்துவிட்டு, கல்யாணத்துக்கு அப்புறம் ஓர் உபவாசக் கூட்டத்தில் எழுதியது மூன்றாவது. ஒவ்வொரு தடவையும் அழுது, கை உயர்த்தி, முன்னால் போய் முழங்காலிட்டு, இதுதான் உண்மையானது, முன்னால் செய்ததெல்லாம் வெறும் உணர்ச்சி என்று நினைத்துத்தான் எழுதினேன். ஆறு மாதத்தில் பழைய கோபமும் பழைய பொய்யும் திரும்பி வரும், அப்போது அந்தத் தேதியைப் பார்க்கவே வெட்கமாக இருக்கும்.

திருநெல்வேலிப் பக்கம் கிறிஸ்தவக் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். "பிரதர், உங்களுக்கு இரட்சிப்பின் நிச்சயம் உண்டா?" என்று யாராவது கேட்டால் "உண்டு, ஸ்தோத்திரம்" என்று வாய் சொல்லிவிடும். ராத்திரி விளக்கை அணைத்த பிறகு அதே கேள்வி திரும்ப வந்து தலைமாட்டில் உட்கார்ந்துகொள்ளும்.

இதில் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அப்பா இறந்ததும் வீட்டைப் பாகம் பிரித்தோம். கிணற்றடிக்குப் போகிற மூன்றடிப் பாதை யாருக்கு என்பதில் எனக்கும் அண்ணனுக்கும் வார்த்தை தடித்துப் போய் ஆறு வருஷம் பேச்சு வார்த்தை இல்லை. ஒரே கோயில், ஒரே திருவிருந்து. அயலாரோடு அன்பும் சமாதானமுமாய் இருக்கிறவர்கள் கிட்டி வரலாம் என்று ஐயர் (எங்கள் பக்கம் குருவானவரை அப்படித்தான் சொல்வோம்) வாசிக்கும்போது அவன் வடக்கு ஓரத்தில் முழங்காலிடுவான், நான் தெற்கு ஓரத்தில். ஈஸ்டருக்கு முன்னால் அப்பா கல்லறைக்கு வெள்ளையடிக்க அவன் காலையில் போனால் நான் சாயங்காலம் போவேன், அல்லது அவன் அடித்துவிட்டான் என்று தெரிந்தும் அதன் மேலேயே இன்னொரு பூச்சு நான் அடித்துவிட்டு வருவேன். இப்படிப்பட்டவனுக்கு எந்தத் தேதியை வைத்துக்கொண்டு நிச்சயம் வரும்?

தரங்கம்பாடிக்குப் போனது அந்த மனநிலையில்தான். நேர்ச்சை எதுவும் கிடையாது. தமிழில் முதன்முதலாக வேதாகமம் அச்சான மண்ணை ஒரு தடவை மிதித்துவிட்டு வர வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை, அவ்வளவுதான். மயிலாடுதுறையில் பஸ் ஏறினேன். செம்பனார்கோயில், ஆக்கூர் தாண்டித் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணத்துக்கு வந்த ஒரு கூட்டம் பட்டுச் சேலையும் பேரப்பிள்ளைகளுமாக இறங்கியது, அதன் பிறகு பஸ்ஸில் ஏழெட்டுப் பேர்தான். தரங்கம்பாடியில் இறங்கியதுமே கடற்காற்று முகத்தில் அடித்தது. டேனிஷ்காரர்கள் 1792இல் கட்டிய வெள்ளை நுழைவாயிலைத் தாண்டினால் ராஜ வீதி, அது நேராகக் கடலை நோக்கிப் போகிறது. இரண்டு பக்கமும் பழைய காரை வீடுகள், 1701இல் கட்டிய சீயோன் ஆலயம், வீதி முடிகிற இடத்தில் 1620இல் எழுந்த டேன்ஸ்போர்க் கோட்டை.

நான் தேடி வந்த புது எருசலேம் ஆலயமும் அந்த வீதியில்தான் இருக்கிறது. சிலுவை வடிவத்தில் கட்டியது, முகப்பில் டென்மார்க் அரசரின் கிரீட முத்திரை, கீழே 1718 என்ற வருஷம். ஜெர்மன் மிஷனரி பர்த்தலோமேயு சீகன்பால்கு ஐயர் கட்டியது. 1706 ஜூலை 9ஆம் தேதி இந்தக் கரையில் வந்து இறங்கியபோது அவருக்கு இருபத்து நான்கு வயதுகூட நிறைந்திருக்குமோ என்னவோ, உடம்பு எப்போதும் பலவீனம், தாயும் தகப்பனும் சின்ன வயதிலேயே போய்விட்டார்கள். தமிழ் கற்க வேண்டும் என்று ஒரு வயதான திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியாரை வீட்டுக்கே வரவழைத்து, அவரிடம் படிக்க வந்த சின்னப் பிள்ளைகளோடு தானும் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் 'அ' எழுதிப் படித்தவர். 1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்க ஆரம்பித்தார், அடுத்த மாதமே கோட்டைக்குள் சிறையில் போட்டார்கள், நான்கு மாதம். வெளியே வந்து 1711இல் முடித்துவிட்டார். அச்சு இயந்திரம் கடல் கடந்து வந்து 1715இல் அது புத்தகமாக வெளியே வந்தது. இந்த ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்து நாலைந்து மாதத்தில், 1719 பிப்ரவரி 23 அன்று, முப்பத்தாறு வயதில் கண்ணை மூடினார். உள்ளே பீடத்தருகேதான் அடக்கம் செய்திருக்கிறார்கள்.

நான் போனது ஒரு புதன்கிழமை மத்தியானம். கதவு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுத் திண்ணையில் இருந்த அம்மா உள்ளே பார்த்துக் குரல் கொடுக்க, எழுபது வயதிருக்கும் ஒரு பெரியவர் சாவிக்கொத்தோடு வந்தார். ஆலயத்தைத் திறந்து பூட்டிப் பராமரிக்கிறவரை எங்கள் ஊரில் கோயில்குட்டியார் என்போம், அந்த வேலை. சாவியைப் போட்டு இடது தோளால் கதவை ஒரு இடி இடித்தார், திறந்துகொண்டது. உள்ளே குளிர்ச்சி. சுண்ணாம்பு வாசனை. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கல்லறைக் கல்லின் மேல் இருந்த தூசியைத் தட்டினார். எழுத்துகளின் பள்ளத்துக்குள் போன மணலை மட்டும் சுண்டுவிரல் நகத்தால் நிதானமாகக் கீறி எடுத்தார், தினமும் செய்கிற வேலைபோல.

கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என் வேதாகமத்தைத் திறந்தேன். கை பழக்கத்தில் அந்த முதல் பக்கம்தான் விரிந்தது. பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டார்.

"இது என்ன தம்பி, மூணு தேதி போட்டிருக்கீங்க, ரெண்டு அடிச்சிருக்கு?"

யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன். எது உண்மையான நாள் என்று எனக்கே தெரியவில்லை ஐயா, அதனால் நான் இரட்சிக்கப்பட்டேனா என்பதே தெரியவில்லை என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் துண்டை மடித்துக்கொண்டிருந்தார்.

"எனக்குப் பொறந்த தேதியே தெரியாது தம்பி. ஆதார்ல இருக்கிறது பள்ளிக்கூடத்து வாத்தியார் போட்டது, அவர் இஷ்டத்துக்கு ஜூன் ஒண்ணுன்னு போட்டுட்டாரு. அதுக்காக நான் பொறக்கலைன்னு ஆயிடுமா? மூச்சு வருது, பசிக்குது, உங்களுக்காகக் கதவத் தொறந்தேன். நீங்க ஆண்டவர்கிட்ட வந்தது என்னைக்குன்னு தேடாதீங்க. இன்னைக்கு வர்றீங்களா, அதப் பாருங்க. வர்றவனத் தள்ளமாட்டேன்னு அவரு சொல்லியிருக்காரு இல்ல?"

யோவான் 6:37. "என்னிடத்தில் வருகிறவனை நான் புறம்பே தள்ளுவதில்லை." ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாட வசனப் போட்டிக்கு ஒப்பித்தது, பரிசாக எவர்சில்வர் டம்ளர்கூட வாங்கியிருக்கிறேன். ஆனால் அன்றைக்குத்தான் அந்த வாக்கியத்தில் யார் பேசுகிறார் என்பதை நான் கவனித்தேன். 'நான் தள்ளுவதில்லை' என்கிறார். வாக்குக் கொடுத்தவர் அவர். நானோ இத்தனை வருஷம் என் அழுகை எவ்வளவு ஆழமாக இருந்தது, என் ஒப்புக்கொடுத்தல் எவ்வளவு முழுமையாக இருந்தது என்று என் பக்கத்தையே தோண்டித் தோண்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சீகன்பால்கு ஐயர் ஜெர்மனியில் ஹாலே என்ற ஊரில் படித்தவர். அங்கே அவருக்கு ஆசிரியராக இருந்த ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கேயின் கதை எனக்கு அங்கே உட்கார்ந்திருக்கும்போது ஞாபகம் வந்தது. 1687இல் அவருக்கு இருபத்து நான்கு வயது, இறையியல் படித்தவர், ஒரு ஆலயத்தில் பிரசங்கம் செய்யக் கூப்பிட்டிருந்தார்கள். யோவான் 20:31ஐ எடுத்துக்கொண்டு உயிருள்ள விசுவாசத்தைப் பற்றித் தயாரிக்கும்போதுதான், தான் பேசப்போகிற அந்த விசுவாசம் தன்னிடமே இல்லை என்று அவருக்குத் தெரிகிறது. தேவன் இருக்கிறாரா என்பதே சந்தேகமாகிவிட்டது. ஒரு ராத்திரி முழங்காலிட்டு, நீர் உண்மையாகவே இருந்தால் என்னைக் காப்பாற்றும் என்று ஜெபித்தாராம். உள்ளங்கையைத் திருப்பிப் போடுகிற நேரத்தில் சந்தேகம் எல்லாம் போய்விட்டது என்று அவரே பின்னால் எழுதி வைத்திருக்கிறார். அப்படிப்பட்டவரிடம் படித்த ஒருவர்தான் கப்பலேறி இந்தக் கரைக்கு வந்தார், மணலில் எழுத்துப் படித்தார், நான் சொன்ன அந்த வசனம் என் தாய்மொழியில் முதன்முதலில் அச்சாகக் காரணமாக இருந்தார். விசுவாசம் இல்லாமல் தவித்த ஒருவருக்குக் கிடைத்த இரக்கம் சுற்றிச் சுற்றி என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது என்று நினைத்தபோது, தொண்டை அடைத்துக்கொண்டது.

எனக்கு அந்த உள்ளங்கைத் திரும்பல் நடக்கவில்லை. நடக்காதது இந்தத் தடவை என்னைப் பயமுறுத்தவும் இல்லை. ஆண்டவரே, வந்திருக்கிறேன், தள்ளமாட்டேன் என்றீர், அதைப் பிடித்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். அதற்கு மேல் ஜெபிக்க எதுவும் இல்லை. பெரியவர் வாசல் படியில் உட்கார்ந்து நான் முடிக்கும்வரை காத்திருந்தார். கிளம்பும்போது காணிக்கை கொடுக்கப் போனேன், பெட்டியைக் கை காட்டினார்.

சாயங்காலம் கடற்கரைக்குப் போனேன். மாசிலாமணி நாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் எப்போதோ கொண்டுபோய்விட்டது, அலை அதன் அருகில் வந்து வந்து போகிறது. சுனாமியில் இந்த ஊரும் நிறைய உயிர்களைக் கொடுத்திருக்கிறது. வலை உலர்த்திய இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அண்ணன் நினைவு வந்தது. வழக்கமாக அவனை நினைத்தால் வக்கீல் போல வரிசையாக ஆரம்பித்துவிடுவேன், அவன் சொன்ன வார்த்தை, அண்ணி சொன்ன வார்த்தை, சர்வேயர் அளந்த அன்று நடந்தது. அன்று அது ஒன்றும் வரவில்லை. எனக்குப் பத்து வயதில் டைபாய்டு வந்தபோது சைக்கிள் பின்சீட்டில் என்னை உட்கார வைத்து, நான் சரிந்து விழாமல் இருக்க அம்மாவின் பழைய சேலையால் தன் முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஏழு கிலோமீட்டர் மிதித்தானே, அந்த முதுகின் வியர்வைதான் வந்தது. நான் முயற்சி செய்து வரவழைத்த நினைவு இல்லை. கல்லான இருதயத்தை எடுத்துப்போட்டு சதையான இருதயத்தைக் கொடுப்பேன் என்று எசேக்கியேல் 36இல் சொல்லியிருக்கிறதே, எடுப்பதும் அவர், கொடுப்பதும் அவர். எடுத்த இடத்தில் வலித்தது, அதையும் சொல்ல வேண்டும். மூன்றடிப் பாதைக்காக ஆறு வருஷத்தை நான் கொடுத்திருக்கிறேன்.

போனில் அவன் நம்பரை எப்போதோ அழித்துவிட்டேன், ஆனால் விரலுக்கு ஞாபகம் இருந்தது. நாலு ரிங் போனது.

"அண்ணே, நாந்தான்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. டிவி ஓடிக்கொண்டிருந்தது, யாரோ அதைக் குறைத்தார்கள்.

"எங்கடே இருக்க? அலை சத்தம் கேக்கு."

"தரங்கம்பாடியில. அண்ணே, அந்தப் பாதைய நீயே வச்சுக்கோ. நான் பேசினது தப்பு."

ரொம்ப நேரம் அவன் ஒன்றும் சொல்லவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம், "ஈஸ்டருக்கு எப்ப வார? இந்தத் தடவ சுண்ணாம்பு நான் வாங்கி வைக்கேன், நீ பிரஷ் மட்டும் கொண்டா" என்றான்.