ஏ.ஆர். காப்பியில் இருந்த ஒரு வரி

2021-ல் கோவை கணபதியில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் தகட்டை அழுத்தி வெட்டும் மெஷினான பவர் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். மொத்தமே ஆறு பேர்தான், அதனால் இ.எஸ்.ஐ. கிடையாது. ஒரு நாள் சாயங்காலம் பெடலில் கால் வைக்காமலே பிரஸ் இன்னொரு தடவை இறங்கியது. வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. அப்போது எனக்கு 35 வயது.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முதலாளி, "வீட்டுல கிரைண்டர்ல மாட்டிக்கிச்சுன்னு சொல்லிரு தம்பி, செலவு பூரா நான் பாத்துக்கறேன்" என்றார். வலியில் தலையாட்டிவிட்டேன். ஓடிவந்த என் மனைவிதான் டாக்டரிடம், "இல்லைங்க, கம்பெனி பிரஸ்லதான் அடிபட்டுச்சு" என்றாள். ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவேட்டில் அப்படியே எழுதினார்கள். அந்த ஏ.ஆர். காப்பியை அவள் அரிசி டப்பாவுக்குள் பத்திரப்படுத்தினாள்.

முதல் இரண்டு மாதம் மருந்துச் செலவுக்குப் பணம் வந்தது. அப்புறம் போன் எடுக்கவில்லை.

அப்போதிருந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி, விபத்து நடந்து இரண்டு வருடத்துக்குள் மனுப் போட வேண்டியிருந்தது. தொழிற்சங்கத்தில் இருந்த ஒரு அண்ணன் சொல்லித்தான் இதுவே எனக்குத் தெரியும். தொழிலாளர் துறையில் இழப்பீட்டு ஆணையரிடம் வழக்குப் போட்டோம். முதலாளி தரப்பில், "இவர் எங்கள் ஆளே இல்லை, காண்ட்ராக்டர் கூட்டிவந்தவர்" என்றார்கள். எட்டு வருடம் அங்கே உழைத்தவன் நான். அதைக் கேட்டபோது விரல் போனதைவிட அதிகமாக வலித்தது. சம்பளம் கவரில் கைக்கு வந்ததால் ரசீது எதுவும் இல்லை. கூட வேலை பார்த்த ஒருவர், வேலை போனாலும் பரவாயில்லை என்று வந்து சாட்சி சொன்னார். காண்ட்ராக்டர் ஆளாகவே இருந்தாலும் வேலை வாங்கியவருக்குப் பொறுப்பு உண்டு என்று அந்தச் சட்டத்தின் 12-ஆவது பிரிவைக் காட்டினார் எங்கள் வக்கீல்.

ஆணையர் எனக்குச் சாதகமாக உத்தரவு போட்டார். கணக்கு இப்படி: சட்டம் அப்போது எடுத்துக்கொண்ட மாதச் சம்பள உச்சவரம்பு 15,000. அதில் 60 சதவீதம் 9,000. அதை 35 வயதுக்கான காரணி 197.06-ஆல் பெருக்கி, ஒரு கையில் இரண்டு விரல் இழப்புக்கு அட்டவணையில் உள்ள 20 சதவீதத்தை எடுத்தால் 3,54,708 ரூபாய். அதோடு 12 சதவீத வட்டி.

முதலாளி ஹைகோர்ட்டுக்குப் போனார். எனக்குத் தூக்கமே போய்விட்டது. ஆனால் தீர்ப்புத் தொகை முழுவதையும் டெபாசிட் கட்டினால்தான் அவரால் அப்பீலே போட முடியும், 30-ஆவது பிரிவில் முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால்தான் விசாரிப்பார்கள் என்று வக்கீல் விளக்கிய பிறகு கொஞ்சம் தைரியம் வந்தது. ஆணையர் உத்தரவு போட்ட நாளிலிருந்துதான் வட்டி என்றும் அங்கே வாதிட்டுப் பார்த்தார்கள். இழப்பீடு தரும் பொறுப்பு விபத்து நடந்த அன்றே வந்துவிடுகிறது என்று 1975-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வாதம் நிற்கவில்லை.

2024-ல் அப்பீல் தள்ளுபடியானது. வக்கீல் தீர்ப்பைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் நிறுத்தி, என் மனைவியைப் பார்த்து, "அன்னிக்கு நீங்க டாக்டர்கிட்ட சொன்னதைத்தாம்மா இங்க எழுதியிருக்காங்க" என்றார்.