பவானிசாகரில் சேரும் தண்ணீர்

நம் இயற்பியல் சார் காலமாகிவிட்டார் என்ற செய்தி நம் முன்னாள் மாணவர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது இங்கே கனடாவில் நடுராத்திரி. அதற்குப் பிறகு நான் தூங்கவில்லை. சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று செயலாளர் கேட்டதும் அவரைத் தவிர வேறு எதையும் எழுதத் தோன்றவில்லை.

பிளஸ் ஒன்னில் அவர் எடுத்த முதல் மின்னோட்டவியல் வகுப்பு உங்களில் பலருக்கும் மறந்திருக்காது. ஒரு டார்ச் பல்பு, இரண்டு பேட்டரி, மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டர் இரண்டு. பல்புக்கு முன்னால் ஒரு அம்மீட்டர், பின்னால் ஒன்று. பல்பு எரிந்தால் மின்னோட்டம் கொஞ்சம் செலவாகும், பின்னால் இருப்பது குறைவாகத்தான் காட்டும் என்று வகுப்பே ஒரே குரலில் சொன்னது. இரண்டும் ஒரே அளவு காட்டின. "ஆம்பியர் குறையல பாருங்க பிள்ளைங்களா, அப்ப செலவானது எது?" என்று கேட்டுவிட்டு, பதில் சொல்லாமல் மணி அடிக்கும்வரை சும்மா நின்றார். இவ்வளவு நல்ல கேள்வியை அதற்குப் பிறகு எந்தக் கல்லூரியிலும் யாரும் என்னிடம் கேட்டதில்லை.

பதிலை நம் நீலகிரி மலையில் தண்ணீரால் மின்சாரம் எடுக்கும் கெத்தை பவர் ஹவுசுக்குக் கூட்டிப் போய்க் காட்டினார். மேலிருந்து பைப்பில் எவ்வளவு தண்ணீர் இறங்குகிறதோ அவ்வளவும் டர்பைனைச் சுற்றிவிட்டு வெளியே வருகிறது, ஒரு சொட்டும் குறைவதில்லை, அது இழந்தது உயரத்தை மட்டும்தான். மின்னழுத்த வேறுபாடு என்பது அந்த உயரம், மின்னோட்டம் என்பது அந்தத் தண்ணீர். அப்புறம் அங்கேயே தரையில் சுண்ணாம்புக்கட்டியால் படம் போட்டார். அவலாஞ்சி, எமரால்டு அணைத் தண்ணீர் குந்தாவில் ஒருமுறை விழுகிறது, அதே தண்ணீர் கெத்தையில் மறுபடி விழுகிறது, பரளியில் இன்னொரு முறை. தண்ணீர் ஒன்றுதான், மொத்த உயரத்தை மூன்றும் பங்கு போட்டுக்கொள்கின்றன. அது தொடரிணைப்பு. 1932 முதல் மின்சாரம் தரும் பைக்காராத் தண்ணீரோ வேறு பக்கமாகச் சிங்காரா பவர் ஹவுசில் இறங்கி மாயாற்றோடு போகிறது. கடைசியில் மாயாறும் பவானியும் பவானிசாகரில் சேர்கின்றன. மலை உச்சியில் பிரிந்து அடிவாரத்தில் சேரும் இரண்டு பாதைகள், இரண்டுக்கும் ஒரே உயரம், ஓடும் தண்ணீர் மட்டும் வேறு வேறு. பக்க இணைப்பு புரிந்துவிட்டது! பிறந்ததிலிருந்து பார்த்த ஆறுகளை அன்றைக்குத்தான் நான் சரியாகப் பார்த்தேன்.

ஓம் விதியை நடத்தும்போது ஓம் என்ற மனிதரைப் பற்றித்தான் அதிகம் பேசுவார். ஜெர்மனியில் பள்ளிக்கூட வாத்தியார், கம்பியெல்லாம் தானே செய்துகொண்டு சோதனை செய்தவர். 1827இல் புத்தகமாகப் போட்டபோது சொந்த நாட்டிலேயே பெரிதாக மதிப்பில்லை, லண்டன் ராயல் சொசைட்டியின் கோப்ளி பதக்கம் வந்தது 1841இல். இதைச் சொல்லும்போது சாரின் முகத்தில் தெரிந்த பெருமையை வேறு எப்போதும் பார்த்ததில்லை.

40 வாட் பல்பையும் 100 வாட் பல்பையும் தொடரில் மாட்டினால் 40 வாட்தான் பளிச்சென்று எரியும் என்று செய்து காட்டியதும் அவர்தான். 230 வோல்ட்டுக்கு 40 வாட் பல்பின் மின்தடை ஏறக்குறைய 1,320 ஓம், 100 வாட்டுக்கு 530 ஓம். ஒரே மின்னோட்டம் ஓடும்போது மின்தடை அதிகமுள்ள இடத்தில்தான் வெப்பமும் அதிகம்.

எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளில் அப்போது பாதிக்கு மேல் மண்ணெண்ணெய் விளக்குதான். தலைக்கு மேலே பெரிய டவர் லைன் கோயம்புத்தூர்ப் பக்கம் போய்க்கொண்டிருக்கும். இவ்வளவு மின்சாரம் போகிறதே, நமக்கு ஏன் சார் இல்லை என்று நான் கேட்டேன். வோல்ட்டை 10 மடங்கு ஏற்றினால் அதே திறனுக்கு மின்னோட்டம் 10இல் ஒரு பங்கு போதும், கம்பியில் வீணாகும் வெப்பம் 100இல் ஒரு பங்காகிவிடும், அதனால்தான் அவ்வளவு அழுத்தத்தில் அனுப்புகிறார்கள், அதை அப்படியே வீட்டுக்கு இழுக்க முடியாது, இறக்கித் தர டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும் என்று கணக்கோடு விளக்கினார். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "டிரான்ஸ்ஃபார்மர் வைக்கிறது இயற்பியல் இல்லப்பா, அது மனசு" என்றார்.

குந்தா நீர்மின் திட்டம், ஆசிய நாடுகளின் வளர்ச்சிக்கு உதவும் கொழும்புத் திட்டத்தில், கனடா நாட்டு உதவியோடு கட்டியது என்றும் அவர்தான் முதலில் சொன்னார். அந்த நாட்டிலேயே மின்சாரத்தைத் தொலைவுக்கு அனுப்பும் துறையில் எனக்கு வேலை கிடைத்ததும் அவருக்கு எழுதினேன். மகிழ்ச்சி என்று பதில் வந்தது. கடைசி வரியில், படித்ததை இங்கே வந்து நம் பிள்ளைகளுக்கு ஒரு வருடமாவது சொல்லிக்கொடு என்று கேட்டிருந்தார். வருகிறேன் சார் என்று எழுதினேன். வீட்டுக்கடன், பிள்ளைகள் படிப்பு, அம்மா போன பிறகு ஊருக்கு வருவதே குறைந்தது. அந்த ஒரு வருடம் அமையவே இல்லை. இனி நான் போனாலும் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்க அவர் இருக்க மாட்டார்.

சங்கத்துக்கு என் வேண்டுகோள் ஒன்று. அவர் பெயரில் பளிங்குக் கல்வெட்டு வேண்டாம். மீட்டர் பிரிட்ஜ், கால்வனோமீட்டர், மின்தடைப் பெட்டி போன்ற ஆய்வகக் கருவிகளை, மாணவர்கள் ஆளுக்கொன்று தொட்டுப் பார்க்கும் அளவுக்கு வாங்கிக் கொடுப்போம், என் பங்கை இப்போதே தருகிறேன். அந்த ஆற்றுப் படத்தை நோட்டில் வரைந்து வைத்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து போட்டோ எடுத்து அனுப்புங்கள். ஆய்வகச் சுவரில் பெரிதாக எழுதி வைக்கலாம்.