ஓடாத 1851 நேவியைச் சரிசெய்து, ஒரு ரெமிங்டனுக்குக் கைமாற்றியது

கருமருந்தும் ஈயக் குண்டும் முன்பக்கமிருந்து அடைத்து, பின்பக்கம் செம்பு கேப் (அடிபட்டால் பொறி தெறிக்கும் சின்ன மூடி) மாட்டிச் சுடுகிற ரிவால்வர்கள் மீது அமெரிக்காவில் பலருக்குத் தீராத பித்து உண்டு. இங்கே வந்த பிறகு எனக்கும் அது தொற்றிக்கொண்டது. எனக்குச் சுடுவதைவிடக் கழற்றிப் பூட்டுவதில்தான் ஆசை. இந்த வட்டத்தில் இரண்டு வகை புழங்குகிறது: உள்நாட்டுப் போர்க் காலத்தை ஒட்டிச் செய்த அசல், பிற்காலத்தில் செய்த பிரதி. உள்ளே இருக்கும் இயந்திரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் பிரதியில் தாராளமாக அரம் போடலாம், அசலில் எண்ணெய் போடுவதற்கே யோசிக்க வேண்டும். ஒரே குளிர்காலத்தில் இரண்டையும் செய்து பார்க்கும் வாய்ப்பு கிடைத்ததால் எழுதுகிறேன்.

முதலில் வாங்கியது கோல்ட் நிறுவனத்தின் 1851 நேவி ரிவால்வரின் பிரதி. "ஓடாது, உதிரிக்கு மட்டும்" என்று சீட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். விலை 150 டாலர். பேரம் பேசாமல் வாங்கினேன். காரணம், வெளியே துருவும் அழுக்கும் இருந்தாலும் சிலிண்டரின் (ஆறு அறைகளோடு சுழலும் உருளை) பின்புறமும் சட்டத்தின் (பாகங்களைத் தாங்கும் உடல்) முகமும் அடிபடாமல் இருந்தன. கொஞ்சமாகச் சுடப்பட்ட துப்பாக்கி அது. சட்டமும் இரும்பு. பித்தளைச் சட்டமாக இருந்திருந்தால் இன்னும் நேரமெடுத்துப் பார்த்திருப்பேன். போரில் இரும்புத் தட்டுப்பாட்டால் தெற்கு மாநிலத்துப் பட்டறைகள் பித்தளையில் சட்டம் வார்த்தன. அதைப் பார்த்து இன்றும் பித்தளைப் பிரதிகள் வருகின்றன. கண்ணுக்கு அழகுதான். ஆனால் கனமான மருந்தில் தொடர்ந்து சுட்டால் சட்டத்தில் பொருத்திய நடு அச்சு மெல்லத் தளர்ந்துவிடும். அதைச் சரிசெய்யும் செலவுக்கு வேறொன்றே வாங்கிவிடலாம்.

எந்த ஆண்டு செய்தது என்று கண்டுபிடிப்பது எளிது. 1961-ல் வரவிருந்த உள்நாட்டுப் போர் நூற்றாண்டை ஒட்டி, வால் ஃபோர்ஜெட் என்ற அமெரிக்கர் இத்தாலியின் கார்டோனே வால் ட்ரோம்பியா பகுதியில் 1851 நேவியின் பிரதியைச் செய்ய ஏற்பாடு செய்தார். அங்கே தொடங்கிய தொழில் இன்றுவரை அங்கேயேதான் நடக்கிறது. இத்தாலியில் எந்தத் துப்பாக்கியும் அரசுச் சோதனைச் சாலையில் சோதித்து முத்திரை வாங்கியாக வேண்டும். முத்திரையோடு சின்னக் கட்டத்துக்குள் ஆண்டுக் குறியும் இருக்கும். 1974 வரை ரோமன் எண்கள் சார்ந்த குறி, 1975-லிருந்து இரண்டு ஆங்கில எழுத்துகள். என்னுடையதில் அழுக்கைத் துடைத்ததும் 'ஏபி' தெரிந்தது. அதாவது 1976. பக்கத்தில் கருமருந்துக்கு மட்டும் என்ற எச்சரிக்கையும் இருந்தது. இன்றைய தோட்டாக்களில் வரும் புகையில்லா மருந்தை இதில் போடவே கூடாது. அழுத்தம் தாங்காமல் சிலிண்டர் வெடிக்கும்.

கழற்றுவதற்கு முன் செய்யவேண்டியது ஒன்று உண்டு. இதைப் புதியவர்களுக்குச் சலிக்காமல் சொல்வேன். மெல்லிய மரக் குச்சியை ஒவ்வொரு அறைக்குள்ளும் விட்டு, ஆழத்தைக் குறித்து, வெளியே சிலிண்டரின் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். குச்சி அறையின் அடிவரை போகவில்லை என்றால் உள்ளே மருந்தும் குண்டும் இருக்கின்றன என்று எடுத்துக்கொள்ள வேண்டும். தோட்டா ரிவால்வர்போல் பின்னாலிருந்து பார்த்துச் சொல்லிவிட முடியாது. பல தலைமுறையாகப் பெட்டியில் கிடந்த அசல் துப்பாக்கிகள் மருந்தோடு கிடைப்பது இன்றும் நடக்கிறது. கருமருந்து நனையாமல் இருந்தால் அதற்கு வயதே கிடையாது. என்னுடையது காலி.

கோல்டில் சட்டத்துக்கு மேல்பாலம் கிடையாது. நடு அச்சும், குறுக்கே அடிக்கும் ஓர் ஆப்பும், அடியில் இரண்டு சின்ன ஊசிகளும்தான் குழலைப் பிடித்து நிறுத்துகின்றன. ஆப்பு துருவில் ஒட்டியிருந்தது. ஊறும் எண்ணெயை விட்டு ஓரிரவு வைத்து, பித்தளைக் கம்பியால் தட்டினேன், வந்தது. திருகுகளுக்குக் கடையில் கிடைக்கும் சாதாரணத் திருப்புளி வேண்டாம். அதன் முனை சரிவாக இருக்கும், காடியின் மேல்விளிம்பை மட்டும் பிடித்துப் பிய்த்துவிடும். பக்கங்கள் இணையாக அரைத்த முனைதான் அடிவரை உட்காரும். காடி பிய்ந்த திருகு இருந்தாலே, யாரோ அவசரக்காரர் கைவைத்திருக்கிறார் என்று வாங்குபவர் விலையைக் குறைத்துவிடுவார்.

உள்ளே திறந்ததும் முதல் நோய் தெரிந்தது. டிரிக்கரையும், சிலிண்டரைப் பூட்டும் போல்ட்டையும் அழுத்திப் பிடிக்கும் இரட்டைக்கால் தட்டை ஸ்பிரிங்கில் ஒரு கால் ஒடிந்திருந்தது. இந்த ரகத்தில் அடிக்கடி ஒடிவது அதுதான். முறுக்குக் கம்பியில் செய்த மாற்று ஸ்பிரிங் கிடைக்கிறது, விலையும் குறைவு, ஒடிவதும் அரிது. அதை மாட்டினால் வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. ஆனால் சிலிண்டரைச் சுற்றி, போல்ட் பூட்டும் காடியிலிருந்து காடிக்கு ஒரு கீறல் வளையம் ஓடியிருந்தது. அது இரண்டாவது நோயின் அடையாளம்.

ஹேமரை (கேப்பை அடிக்கும் சுத்தியல்) பின்னுக்கு இழுக்கும்போது நடப்பது இதுதான். ஹேமரோடு இணைந்த 'கை' மேலேறி, சிலிண்டரின் பின்னாலுள்ள பல்லைத் தள்ளிச் சுற்றுகிறது. அதே நேரம் ஹேமரின் பக்கத்திலுள்ள மேடு, போல்ட்டின் காலைத் தூக்குகிறது. போல்ட்டின் தலை கீழே இறங்கிச் சிலிண்டரை விடுவிக்கிறது. அடுத்த அறை நேருக்கு வரும் சமயம் கால் மேட்டிலிருந்து வழுக்க, போல்ட் தலை துள்ளி எழுந்து காடிக்கு முன்னாலுள்ள சரிவில் விழுந்து, வழுக்கிக் காடிக்குள் பூட்டிக்கொள்கிறது. கால் தேய்ந்து குட்டையானால் போல்ட் சீக்கிரமே விழுந்து, வழியெல்லாம் சிலிண்டரைக் கீறும். என்னுடையதில் அதுதான் நடந்திருக்கிறது.

புது போல்ட் வாங்கினேன். இதுபோன்ற உதிரிகளைப் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மாட்ட முடியாது. கால் வேண்டுமென்றே நீளமாக, தலை அகலமாக வரும். நாம்தான் ராவிப் பொருத்த வேண்டும். முதலில் தலை. சிலிண்டர் காடிக்குள் ஆட்டமில்லாமல் உட்காரும்வரை இரண்டு பக்கமும் சமமாக ராவினேன். பிறகு கால். மார்க்கர் மையைச் சிலிண்டரில் தடவி, மெதுவாக ஹேமரை இழுத்தால், போல்ட் எங்கே விழுகிறது என்று மையில் கோடு காட்டும். நீளமான கால் தாமதமாக விழும். சிலிண்டர் காடியைத் தாண்டிப் போய்விடக்கூடும். நுனியில் மெல்லிய அரத்தால் இரண்டு இழுப்பு, பூட்டு, பார், கழற்று, மறுபடி இரண்டு இழுப்பு. அலுப்பான வேலைதான். ஆனால் எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்தது இந்தக் கட்டம்தான். அறை நேராவதும், போல்ட் பூட்டுவதும், டிரிக்கர் ஹேமரைப் பிடிப்பதும் கிட்டத்தட்ட ஒரே நொடியில் கேட்க வேண்டும். ஆறு அறையிலும் அப்படிக் கேட்டபோது ஏற்பட்ட திருப்தியைச் சொல்லி விளக்குவது கடினம்.

மூன்றாவது கோளாறு தயாரிப்பிலேயே வந்தது. நடு அச்சு, குழலின் அடியிலுள்ள துளையின் அடிமட்டத்தைத் தொட வேண்டும். தொடாவிட்டால், ஆப்பை அழுத்தி அடிக்க அடிக்கக் குழல் பின்னுக்கு வந்து சிலிண்டரை உரசும். தளர்த்தினால் இடைவெளி கூடிவிடும். ஒவ்வொரு முறை பூட்டும்போதும் ஒவ்வோர் அளவு. சோதிக்கும் முறை எளிது: சிலிண்டரை எடுத்துவிட்டு, குழலைப் பக்கவாட்டில் திருப்பி அச்சில் முடிந்தவரை ஏற்ற வேண்டும். குழலின் அடிப்பகுதி சட்டத்தின் முன்முகத்தைத் தாண்டிப் பின்னால் போனால் அச்சு குட்டை. என்னுடையது நன்றாகவே தாண்டியது. துளைக்குள் எஃகுத் துண்டு ஒன்றை வட்டமாக வெட்டிப்போட்டு, மெல்ல மெல்லத் தேய்த்து இரண்டு முகமும் ஒன்றாக வரும்படி செய்தேன். இப்போது ஆப்பை எவ்வளவு அடித்தாலும் இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் நான்கு பங்கிலேயே நிற்கிறது.

நிப்பிள்களில் (கேப் மாட்டும் சின்ன முனைகள்) பேச அதிகமில்லை. கேப் இல்லாமல் 'சும்மா' டிரிக்கர் அழுத்தி விளையாடியதில் ஹேமர் பட்டு, முனைகள் காளான் தலைபோல் விரிந்திருந்தன. புதியதை வாங்கும்போது மரையை அளந்து வாங்க வேண்டும். இத்தாலியப் பிரதிகளில் மெட்ரிக் மரை, அதிலும் பழையவற்றில் அளவு மாறலாம். 10-ஆம் எண், 11-ஆம் எண் கேப்களில் எது இறுக்கமாக உட்காருகிறதோ அதுதான் சரி. தளர்வான கேப்பை நசுக்கி மாட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். வெடித்த கேப்பின் சில்லு ஹேமர் இடுக்கில் விழுந்து இயக்கத்தையே நிறுத்திவிடும்.

மைதானத்தில் சுட்டுப் பார்த்தேன். குழல் .36 என்றாலும் குண்டு .375 அங்குலம், அறைக்குள் அழுத்தும்போது விளிம்பில் மெல்லிய ஈய வளையம் சீவிக்கொண்டு வர வேண்டும், அப்போதுதான் அடைப்பு இறுக்கம். சிக்கவில்லை, சிலிண்டர் ஒருமுறைகூட நழுவவில்லை. வீட்டுக்கு வந்த உடனே வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவினேன். கருமருந்துக் கரி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும், காலையில் பார்க்கலாம் என்று தள்ளிப்போட முடியாது.

இனி வியாபாரம். அமெரிக்காவின் 1968 துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1898 அல்லது அதற்கு முன் செய்தவற்றைப் பழம்பொருளாகத் தனியே வைக்கிறது. கேப் வகைப் பிரதிகளும் அதே வரையறைக்குள் வருகின்றன. அதனால் கூட்டாட்சிச் சட்டப்படி இரண்டு ஆர்வலர்கள் நேரடியாகக் கைமாற்றிக்கொள்ளலாம். மாநிலச் சட்டம் வேறு விஷயம். சில மாநிலங்களில் இதையும் சாதாரணக் கைத்துப்பாக்கியாகவே நடத்துகிறார்கள். வாங்குபவர் எந்த மாநிலத்தவர், அங்கே அவர் வைத்திருக்கலாமா என்று தெரியாமல் நான் பேச்சையே தொடங்குவதில்லை. தோட்டா போடும் மாற்று சிலிண்டரோடு யாராவது பேரம் பேசினால் ஒதுங்கிவிடுவேன். அதை மாட்டினால் சட்டத்தின் பார்வையே மாறிவிடுகிறது.

இந்தியானாவின் ஃப்ரெண்ட்ஷிப் என்ற சிற்றூரில், 1933-ல் தொடங்கிய தேசிய முன்வாய்த் துப்பாக்கிச் சங்கத்தின் போட்டிகள் நடக்கும்போது பக்கத்திலேயே சந்தையும் களைகட்டும். என் நேவியை அங்கே கொண்டுபோனேன். கூடவே ஒரு தாள்: என்ன மாற்றினேன், எது பழையது, அச்சு உட்காரும் துளைக்குள் துண்டு போட்டிருக்கிறேன், சிலிண்டரில் கீறல் வளையம் இருக்கிறது, எல்லாம் எழுதி. அதைப் படித்த பெரியவர் ஒருவர் சிரித்தார். "இவ்வளவு குறை எழுதி விற்பவனை நம்பி வாங்கலாம்" என்றார். அவரிடம் ஓர் அசல் ரெமிங்டன் நியூ மாடல் ஆர்மி ரிவால்வர் இருந்தது. ஹேமர் இழுத்தால் சிலிண்டர் சுற்றாது. கையில் பிடித்துச் சுட ஒரு நல்ல நேவி தேடிக்கொண்டிருந்தார். என் நேவியோடு மேலே கொஞ்சம் டாலரும் சேர்த்துக் கொடுத்து மாற்றிக்கொண்டோம்.

அன்றே வேறொரு மேசையில் 'அசல் 1851 நேவி' என்று ஒன்றைக் காட்டினார்கள். அமிலத்தில் ஊறவைத்த பழுப்பு நிறம், எங்கும் ஒரே சீராகப் பள்ளம். சட்டத்தில் ஓரிடம் மட்டும் லேசாகக் குழிந்து, ராவின தடம். இத்தாலிய முத்திரை இருக்கும் இடம் அது. பிரதியின் நவீனக் குறிகளை அழிப்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. போர் நாடகங்களில் நடிப்பவர்கள் தோற்றத்துக்காகச் செய்கிறார்கள். அதைச் சொல்லாமல் அசல் விலை கேட்பது களவு. அசல் கோல்டில் வரிசை எண் பல பாகங்களில் அடித்திருக்கும், எல்லாம் ஒத்துப்போக வேண்டும். இதிலோ எழுத்தின் அளவே பாகத்துக்குப் பாகம் வேறாக இருந்தது. பெரியவரிடம் கண்ணால் காட்டினேன்; அவர் முன்பே கவனித்திருக்கிறார்.

ரெமிங்டன் குழலின் மேல் 1858 செப்டம்பர் 14 என்ற காப்புரிமைத் தேதி பொறித்திருக்கும். அதனால் எல்லோரும் '1858 ரெமிங்டன்' என்பார்கள். இந்த மாதிரி செய்யத் தொடங்கியது 1863-ல்தான். இதிலும் குச்சிச் சோதனை, பிறகு கைப்பிடிப் பலகைகளை எடுத்தேன். இடது பலகையில் அரசு ஆய்வாளர் முத்திரையின் சாயல் இன்னும் தெரிகிறது. அதன்மேல் எண்ணெய்த் துணிகூடப் படவில்லை. இரும்பில் பொடியாக உதிர்ந்த சிவப்புத் துருவை மட்டும் எண்ணெயும் வெண்கலக் கம்பளியும் வைத்து நிறுத்தினேன். அடியிலுள்ள கரும்பழுப்பை விட்டுவிட்டேன். பளபளப்பாக்கிப் புதிதாக நீலப் பூச்சு ஏற்றியிருந்தால் மதிப்பில் பாதிக்கு மேல் போயிருக்கும்.

கோளாறு நான் எதிர்பார்த்ததுதான். கையின் பின்னாலுள்ள சின்னத் தகட்டு ஸ்பிரிங் உடைந்திருந்தது. பழைய கையில் புது ஸ்பிரிங்கை அடித்துப் பொருத்தலாம். அப்படிச் செய்தால் அசல் பாகத்தில் என் அரத் தடம் நிரந்தரமாக விழும். அதனால் பிரதிக்கான கையொன்றை வாங்கி, அதை மட்டும் ராவி இந்தச் சட்டத்துக்குப் பொருத்தினேன். சிலிண்டர் சுற்றுகிறது, ஆறு அறையும் பூட்டுகின்றன. அசல் கையை எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, சீட்டு எழுதி, துப்பாக்கியோடு வைத்திருக்கிறேன். அடுத்து யார் கைக்குப் போனாலும் அதுவும் சேர்ந்து போகும். இதைச் சுடும் எண்ணம் எனக்கில்லை. கையை ஹேமரோடு இணைக்கும் திருகின் தலை மட்டும் பாதி உடைந்திருக்கிறது. அதன் மரை மெட்ரிக்கில் சேராது, அதனால் அசல் திருகுக்காக உதிரிப் பெட்டிகளைக் கிளறிக்கொண்டிருக்கிறேன்.