விதைவழிப் பூசண நோய்கள்: தேர்வுக்கு நான் படித்த முறை

இளநிலை வேளாண்மைப் படிப்பில் பயிர் நோயியல் தேர்வுக்குத் தயாராகிறவர்கள், தானியங்களின் விதைவழிப் பூசண நோய்களைப் பயிர்வாரியாக மனப்பாடம் செய்வது வழக்கம். நான் அந்த வரிசையை விட்டுவிட்டு, பூசணம் விதையின் எந்தப் பகுதியில் தங்கியிருக்கிறது என்ற கேள்வியை முன்வைத்தே குறிப்பெடுத்துப் படித்தேன். விதை நேர்த்தி, அதாவது விதைக்கும் முன் விதையிலுள்ள நோயை நீக்கும் முறை, குறித்த விடைகளில் பெரும்பாலானவை அக்கேள்வியிலிருந்தே கிடைத்துவிட்டன.

கதிர்மணிகளைக் கரும்பொடியாக்கும் கோதுமையின் திறந்த கரிப்பூட்டை நோயை முதலில் படியுங்கள். பூக்கும் பருவத்தில் காற்றில் வரும் பூசண வித்துகள் (ஸ்போர்கள்) சூலகத்தில் முளைக்க, பூசண இழை முளைக்கருவுக்குள் சென்று உறங்குநிலையில் தங்கிவிடுகிறது. விதையோ பார்வைக்கு நல்ல விதையாகவே இருக்கும். மேற்பரப்பில் மட்டும் நிற்கும் மருந்து கருவை எட்டாது என்பதால்தான் டென்மார்க்கின் ஜென்சன் 1880களில் வெந்நீர் நேர்த்தியைக் கொண்டுவந்தார். பின்னர் பஞ்சாபில் லூத்ரா வெயில் நேர்த்தியை வகுத்தார். கோடைக் காலையில் நான்கு மணி நேரம் நீரில் ஊறும் விதையில் இழை விழித்து வளரத் தொடங்குகிறது. அதன்பின் நண்பகல் வெயிலில் பரப்பும்போது சூடு தாங்காமல் அழிகிறது. இந்தக் காரணத்தோடு எழுதப்படும் விடைக்குத் தனி மதிப்பு உண்டு. விதைக்குள் ஊடுருவிப் பாயும் கார்பாக்சின் என்ற பூசணக்கொல்லி 1960களில் வந்தபின் இவ்வேலை எளிதாயிற்று.

சோளத்தின் தானியக் கரிப்பூட்டை இதற்கு நேர்மாறானது. கதிரடிக்கும்போது உடையும் கரிப்பைகளின் (மணிகளுக்குப் பதில் உருவாகும் பைகளின்) வித்துகள் விதையின் மேல்தான் ஒட்டுகின்றன என்பதால், கந்தகத் தூளைக் கலந்து விதைத்தாலே கட்டுப்படும். கம்பின் தேன் ஒழுகல் நோயில் பூசணத்தின் கரிய இழைமுடிச்சுகள் விதைக் குவியலில் கலந்திருக்கும். 10 சதவீத உப்புக் கரைசலில் இட்டால் அவை மிதந்துவிடும்.

நெல் விளைச்சலைக் குறைக்கும் பழுப்புப் புள்ளி நோய்க்கு எடுத்துக்காட்டாக 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தை எழுதாதவர் இல்லை. நோய் மட்டுமே பஞ்சத்துக்குக் காரணம் என்று எழுதிவிடாதீர்கள். போர்க்கால விலையேற்றமும் அரசின் கொள்கைகளும் அதில் பெரும்பங்கு வகித்தன.

செய்முறைத் தேர்வில், விதையில் பூசணம் உள்ளதா எனக் கண்டறியும் உறிஞ்சுதாள் முறையே பெரும்பாலும் வரும். மொத்தம் 400 விதைகளை, ஒரு பெட்ரித் தட்டுக்கு 25 வீதம் ஈரத்தாளில் அடுக்கி, சுமார் 20 பாகை செல்சியசில் 12 மணி நேர ஒளி, 12 மணி நேர இருள் என ஏழு நாள் வைத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். திறந்த கரிப்பூட்டை இம்முறையில் தென்படாது. அதற்குச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் விதையை ஊறவைத்து, முளைக்கருவைப் பிரித்தெடுத்து, டிரைபான் நீலச் சாயமேற்றி இழையைத் தேட வேண்டும்.